நான் திருத்திய வாத்து நடை

"ஏற்புச் சோதனையில் இருக்கும் வண்டியில் ஒரு திருகாணியைத் தொட்டால்கூட, அதற்கு முன் செய்த சோதனைகள் அனைத்தும் செல்லாதவை ஆகும், முதலிலிருந்து செய்ய வேண்டும்." நம் சோதனைப் பிரிவின் கையேட்டில் நான்காம் அத்தியாயம், ஏழாவது விதி. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை முதல் வாரமே இதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். அதை எழுதியவன் நான். மீறியவர்கள் பட்டியலில் இருக்கும் ஒரே பெயரும் என்னுடையதுதான். இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப உங்களில் யாரும் அவசரப்பட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெறும் ஆண்டில் என்னிடம் வந்த கடைசி வேலை, ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் ஒரு சரக்கு வண்டி. இடம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு. நெசவாளர் சங்கத்துக் கிடங்கிலிருந்து சாயம் போட்ட பட்டு நூலை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. இடுப்பு உயரம், நான்கு சக்கரம், மேலே மூடி போட்ட பெட்டி, முன்னால் ஒரு கண். பார்ப்பதற்கு எளிமையான வேலை. காலை நேரத்தில் அந்தத் தெரு தெருவாக இருக்காது என்பதைக் கணக்கில் எடுக்காதவரை.

புடவையின் நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிவார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் இடுப்பு உயரத்தில் விறைத்து நிற்கும். இரு கோடியிலும் இழைகளைச் சேர்த்துக் கயிற்றில் முடிந்து, கயிற்றைத் தரையில் அடித்த முளையில் கட்டியிருப்பார்கள். சைக்கிளில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அந்தத் தெரு நாய்கள் சுற்றிப் போகும். எங்கள் வண்டியும் நாய் அளவுக்காவது நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம்.

சாதாரணக் கேமராவுக்கு அது முடியவில்லை. வெயிலில் பட்டு மினுக்கும்போது படம் வெளுத்தது. பந்தல் நிழலுக்குள் போனால் கறுத்தது. அதனால் நிகழ்வுக் கேமரா. நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ உடனே சொல்லும். ஒன்றும் மாறவில்லை என்றால் வாயைத் திறக்காது. என் அலுவலக வாழ்க்கை முழுவதும் இப்படி ஒரு சிப்பந்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அது சொல்வதைக் கேட்டு, இது சுவர், இது கால், இது பாவு என்று பிரித்தறிந்து சக்கரங்களுக்குத் திசை சொல்வது செயற்கை நரம்பு வலை. எங்கள் பேச்சில் வெறும் நெட்வொர்க்.

அந்த நெட்வொர்க்குக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் எஸ்தர். டிப்ளமா படித்தவர், ஒப்பந்தத் தொழில்நுட்பர், ஓரிக்கையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். இரண்டு மாதம் வண்டியைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு அந்தத் தெருவில் ஏறி இறங்கி, கண் பார்த்ததையெல்லாம் பதிவுசெய்து அதற்குக் காட்டியிருந்தார். எந்த வீட்டில் என்ன நிறப் பாவு, எந்த வாசலில் எத்தனை மணிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மார்ச் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வண்டி தேறினால் நீட்டிப்பு. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கோப்பில் படித்தேன்.

நான் போன முதல் நாள் வண்டியைத் தெருவில் நிறுத்திவைத்து, அது பார்ப்பதைத் திரையில் காட்டினார். திரை முழுக்க இருட்டு. நடுவில் ஒரு கை மட்டும், மணிக்கட்டோடு அறுத்துவைத்ததைப்போல, அந்தரத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில் கற்பகம் என்ற அம்மா குந்தியிருந்தார். அவர் உடம்பு அசையவில்லை; அதனால் வண்டியைப் பொறுத்தவரை அவர் இல்லை. கைதான் அசைந்தது; கை மட்டும் இருந்தது.

"வண்டி நின்னுக்கினு இருந்தா இப்படித்தான் சார். நகர ஆரம்பிச்சா அவங்களும் வந்துடுவாங்க" என்றார் எஸ்தர்.

நகர்ந்தது. கற்பகம் வந்துவிட்டார், கூடவே வாசற்படி, குடம், சுவர் எல்லாம் வந்தன. நான் மிகவும் ரசித்தேன். ரசித்ததோடு நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் என் முதல் தவறு. அன்று திரையில் பார்த்ததை இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது.

வண்டியின் வலப்பக்கப் பின்சக்கரம் உள்ளூரில் வாங்கியது. அச்சு சற்றுக் கோணல். அதனால் வண்டி நேராகப் போகும்போதும் இடுப்பை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டு போகும். தெருப் பெண்கள் அதற்கு வாத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். "வாத்து வருது, ஒதுங்குபா" என்ற குரல் கேட்டால் நூல் வந்துவிட்டது என்று பொருள். அந்த நடையோடு வந்த வாத்து, ஒரு முறைகூடத் தவறாமல், ஒவ்வொரு பாவுக்கும் இரண்டு முழம் முன்னால் மரியாதையாக நின்று, ஒதுங்கிப் போனது. மூன்று நாள் சோதித்தேன். எல்லாக் கட்டத்திலும் 'சரி' போட்டேன்.

ஒரே ஒரு கட்டம் பாக்கி. அதிர்வு. அதிர்வுமானியை வைத்துப் பார்த்தேன். அனுமதித்த எல்லைக்கு மேல் இருந்தது. மறுநாள் காலை தலைமையகத்திலிருந்து மூன்று அதிகாரிகள் செயல்விளக்கம் பார்க்க வருகிறார்கள். நூல் கொண்டுபோகும் வண்டி வாத்தாக நடப்பதை அவர்கள் முன் காட்ட எனக்கு மனமில்லை. சக்கரத்தை மாற்றச் சொன்னேன். கேமராவுக்கு அடியில் ரப்பர் மெத்தையும் வைக்கச் சொன்னேன். மதியத்துக்குள் இரண்டும் முடிந்தன. கிடங்கு முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். தண்டவாளத்தில் போவதைப்போல வழுக்கிக்கொண்டு போனது.

எஸ்தருக்கு முகம் தெளியவில்லை. பாவு போட்ட தெருவில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றார். மதியத்துக்கு மேல் தெருவில் பாவு இருக்காது, மறுநாள் காலைதான். மறுநாள் காலை அதிகாரிகள். முதலிலிருந்து சோதிப்பதென்றால் இன்னும் மூன்று நாள். நான் பேனாவை எடுத்து, "சிறு மாற்றம். மறுசோதனை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சிறு மாற்றத்துக்கு விலக்கு தரும் விதி கையேட்டில் எங்கும் கிடையாது. அப்படி ஒன்று இருக்கக் கூடாது என்று கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாடியவன் நான்.

மறுநாள் காலை தெருவில் முதல் பாவு கற்பகத்தின் கணவர் ஏகாம்பரத்துடையது. அரக்கு நிறம், அப்போதுதான் கஞ்சி தெளித்து முடித்திருந்தார்கள். வாத்து தெருமுனையில் திரும்பி நேராக வந்தது. ஆட்டமே இல்லை. அதிகாரிகளில் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எஸ்தர் கையில் நிறுத்தும் பொத்தானோடு பக்கத்தில் நடந்து வந்தார். இரண்டு முழம் தூரம் வந்தது, நிற்கவில்லை. ஒரு முழம் வந்தது. எஸ்தர் பொத்தானை அழுத்தியபோது முளை வண்டிக்கு அடியில் போயிருந்தது. மூக்கு கயிற்றின்மேல் ஏறியிருந்தது. பாவு முழுவதும் ஒரு கணம் விறைத்தது. பிறகு இழைகள் அறுபடும் சத்தம் கேட்டது. பட்டு அறும்போது பெரிய சத்தம் வராது என்று நினைத்திருந்தேன். வரும்.

ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து வந்து, பாவின் அந்தக் கோடி வரை நடந்துபோய், திரும்பி நடந்து வந்தார்.

"உங்க வாத்துக்குக் கண்ணு இருக்குதுன்னு சொன்னீங்களே சார். எங்க இருக்குது அது?"

அதிகாரிகள் காருக்குப் பக்கத்தில் நகர்ந்தார்கள். பத்தே நிமிடத்தில் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள்: இயக்குபவர் பொத்தானைத் தாமதமாக அழுத்தினார். அவர்கள் புறப்பட்ட பிறகு நான் எஸ்தரிடம், ஏன்மா முன்னாலேயே அழுத்தவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கையெழுத்து போட்டீங்கல்ல சார். நின்னுடும்னு இருந்தேன்."

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் பாவில் இழை அறுந்தாலும், கை ஓய்வாக இருப்பவர்கள் வந்து முடிந்து கொடுப்பார்கள். கஞ்சி காய்ந்தால் அறுந்த இழை பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் நின்றார்கள். எஸ்தரும் நின்றார், இரண்டு மாதத்தில் முடியக் கற்றுக்கொண்டிருந்தார். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கண்ணாடிக்கு அந்த இழைகள் ஒரே சிவப்புத் துணியாகத் தெரிந்தன. கற்பகம் என்னைப் பார்த்தார்.

"சும்மா நிக்கிறதுக்கு இந்தக் குச்சியப் புடிங்க சார். ஆடாம புடிக்கணும், தெரியுதா?"

பாவின் குறுக்கே செருகிய மூங்கில் குச்சி. பிடித்தேன். என் பதவிக்குரிய வேலைகளில் அதைவிடப் பயனுள்ளதை அந்த வாரம் நான் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், சாருக்கு நிரந்தர வேலை போட்டுக் குடுத்துடலாம்மா, நல்லா மரம் மாதிரி நிக்கிறாரு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. ஆனால் என் பக்கமாக ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. அனுப்பியது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கவனித்தேன். கற்பகம் ஒவ்வொரு பகுதியிலும் முடியத் தொடங்குமுன் இழைகளின்மேல் உள்ளங்கையை வைத்து இலேசாக ஆட்டினார். ஆட்டியதும் நல்ல இழைகள் சேர்ந்து அசைந்தன. அறுந்தவை தனியே தொய்ந்தன. ஏன் ஆட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டாம பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் சார் தெரியும். ஆட்னாத்தானே எது எங்க இருக்குதுன்னு தெரியும்."

நான் குச்சியைப் பிடித்தபடியே நிமிர்ந்தேன். பாவுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் கையில் இழையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முந்தின நாளே ஏதோ உறுத்தியிருக்கிறது. சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் குனிந்து அடுத்த இழையை எடுத்தார். அதற்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

உங்களுக்கு விளக்குகிறேன். பாவும் கயிறும் தெருவின் நீளவாட்டில் கட்டப்பட்டவை. வண்டியும் நீளவாட்டில்தான் வருகிறது. நேராக வரும் கண்ணுக்கு, தான் போகும் திசையிலேயே நீண்டு கிடக்கும் இழை ஓர் அசையாத கோடு. வண்டி முன்னே நகர நகர, இழையின் ஒரு பகுதி இருந்த இடத்தில் அதே இழையின் அடுத்த பகுதி வந்து நிற்கும். அதே நிறம், அதே இடம். மாறவில்லை, எனவே அந்தக் கேமராவுக்கு அது இல்லை, கோலம் போட்ட அம்மாவின் உடம்பைப்போல. முளையோ தரையோடு தரையாக, கண்ணின் பார்வைக்குக் கீழே. கோணல் சக்கரம் வண்டியை இடமும் வலமும் ஆட்டியதால்தான் அந்தக் கோடு கண்ணுக்குள் அசைந்தது. வாத்து பாவைப் பார்த்தது. குறை என்று நான் திருத்தியதுதான் அதன் பார்வையாக இருந்தது. இரண்டு மாதமும் நெட்வொர்க் கற்றுக்கொண்டது அந்த ஆட்டத்தை வைத்துத்தான். அதை ஒரே மதியத்தில் பிடுங்கி, அடியில் மெத்தையும் போட்டுத் தூங்கவைத்தவன் நான்.

சம்பவ அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் நான்கு தேர்வுகள் உண்டு: இயக்குபவர், கருவி, வானிலை, மற்றவை. அனுமதித்த அதிகாரி என்று ஒரு தேர்வு இல்லை. படிவத்தை வடிவமைப்பவர்கள் அனுமதிக்கும் அதிகாரிகள்தான் என்பதால் அது இயல்பு. நான் 'மற்றவை' என்பதில் குறியிட்டு, எதிரே "ஏற்பு அதிகாரி, அதாவது கீழே கையெழுத்திடுபவர்" என்று எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. செயல்விளக்கத்தை நேரில் பார்த்த மூவரும் 'இயக்குபவர்' என்று பதிந்துவிட்டதாகவும், வேறு காரணம் கூறுவதானால் ஆதாரம் இணைக்க வேண்டும் என்றும் குறிப்பு. எஸ்தரின் கோப்பில் 'பாதுகாப்பில் கவனக்குறைவு' என்ற வரி ஏறிவிட்டது. அந்த வரியோடு ஒரு தொழில்நுட்பரை நம் துறையில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஆதாரத்துக்குப் பழைய சக்கரம் வேண்டும். கழற்றியதைக் குப்பையில் போடச் சொன்னதும் நான்தான். எஸ்தரிடம் தயங்கிக் கேட்டேன். ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கினார்; உள்ளே மழைக்கோட்டில் சுற்றி வைத்திருந்தார். தூக்கிப் போட மனசு வரல சார் என்றார்.

பாவும் வேண்டும். ஏகாம்பரத்தின் வாசலில் போய் நின்றேன். அவர் தறியை நிறுத்தவில்லை. எதற்கு என்று கேட்டார். அன்று நடந்தது அந்தப் பெண்ணின் தப்பு இல்லை, என் தப்பு. அதை நிரூபிக்க வேண்டும் என்றேன். தறி நின்றது.

"அதிகாரி தன் தப்ப நிரூபிக்கிறதுக்கு நூல் கேட்டு நான் பாத்ததில்லபா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கற்பகம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஏகாம்பரம், பட்டு கொடுக்க முடியாது என்றும், வீட்டில் கிடக்கும் பழைய பருத்தி நூலில் அரக்குச் சாயம் ஏற்றிப் பாவு போட்டுத் தருவதாகவும் சொன்னார். போட்டும் கொடுத்தார். முளை அதே இடத்தில்.

புதுச் சக்கரத்தோடு நான்கு முறை ஓட்டினோம். நான்கு முறையும் வாத்து கயிற்றில் ஏறியது. மெத்தையை எடுத்துவிட்டுப் பழைய சக்கரத்தை மாட்டினோம். இடுப்பை அசைத்துக்கொண்டு வந்து, இரண்டு முழம் முன்னால் நின்றது. நான்கு முறையும். நான்காவது முறை நின்றபோது தெருவில் யாரோ கை தட்டினார்கள். எஸ்தர் பதிவுகளைச் சேமித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்தேன். அந்த நேரத்தில் அதுதான் சரியான நடைமுறை.

பதிவுகளோடு அறிக்கையை மீண்டும் அனுப்பினேன். பிறகு தொடங்கியது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லாத பகுதி. மார்ச் முடிந்தது; எஸ்தரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வண்டியைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். ஜூனில் எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். மாதத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். எந்த வாசகத்துக்கு எந்தப் பிரிவு எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவை ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு கொடூரமாக யாரும் பயன்படுத்தியிருக்கமாட்டார்கள். எஸ்தர் ஓரிக்கையில் தன் அத்தை மகன் நடத்தும் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்தார். இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போய், பழைய பணிக் கோப்பைக் கேட்டதும் திரும்பி வந்தார் என்று கற்பகம் சொல்லித்தான் தெரிந்தது. நான் அந்தத் தெருவுக்குப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. குச்சி பிடிக்க இப்போது கூப்பிட்டே அனுப்புகிறார்கள்.

பதில் வந்தது ஒரு மழை நாளில். இரண்டே பத்தி. முதல் பத்தி: இணைக்கப்பட்ட ஆதாரங்களின் அடிப்படையில் தொழில்நுட்பரின் கோப்பிலுள்ள குறிப்பு நீக்கப்படுகிறது, திட்டம் தொடரும், அவர் விரும்பினால் மீண்டும் பணியில் சேரலாம். இரண்டாம் பத்தி: தவறு ஏற்பு அதிகாரியுடையது, அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் மேல் நடவடிக்கைக்கு வழியில்லை. இரண்டாம் பத்தி சரியான விதியைச் சுட்டியிருந்தது. சரிபார்த்தேன்.

குடையோடு ஓரிக்கைக்குப் போனேன். எஸ்தர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு போனைத் திறந்து வைத்திருந்தார். கடிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். மடித்து மேசைமேல் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"வாத்து எங்க இருக்குது சார் இப்போ?"

கிடங்கில் இருக்கிறது, சோதனைக்குப் பிறகு யாரோ புதுச் சக்கரத்தையே மாட்டிவிட்டார்கள் என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். துணியில் சுற்றிய அந்தப் பழைய சக்கரம். என் கையில் வைத்தார், கனமாக இருந்தது.

"நாளைக்கு வந்து மாட்றேன். ஆனா டெஸ்ட் எல்லாம் மொதல்லேருந்து பண்ணணும் சார். ரூல் இருக்குதுல்ல."

இருக்கிறது என்றேன். வந்த கடிதத்தின் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் என்னை விடவில்லை. காலையில் அவசரத்தில் அதை மறந்திருந்தேன். எஸ்தரின் பேனாவை வாங்கி, அவர் கைக்கு அடியிலிருந்து கடிதத்தை மெல்ல இழுத்து எழுதினேன்: பெறப்பட்டது, கார்த்திகை மாதம், மூன்றாம் திங்கட்கிழமை.